பீங்கான் தட்டில் ஊதாத் தண்ணீர்

ஈப்போவில் என் வீட்டு இரும்பு அலமாரியில் பத்தொன்பது ஆல்பங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு தபால்தலைகூடக் கிடையாது. பார்த்தால் தபால்தலை மாதிரியேதான் இருக்கும். ஓரத்தில் பல், பின்னால் பசை, நடுவில் ஒரு ராஜா தலையோ யானையோ கப்பலோ. ஆனால் எந்தக் கடிதத்தையும் எந்த ஊருக்கும் கொண்டு சேர்க்காதவை. வரி கட்டியதற்கு ஒட்டியவை, காசநோய் நிதிக்கு விற்றவை, சீட்டுக்கட்டின் உறையிலும் மருந்துப் புட்டியின் கழுத்திலும் ஒட்டியவை. தபால்தலை சேர்ப்பவர்கள் ஒதுக்கித் தள்ளுகிற சரக்கு. என் கணவர் அதற்குக் குப்பை என்று ஒரே சொல்லில் பெயர் வைத்திருக்கிறார்.

இந்தக் குப்பைக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒருவர் படம் போட்டு, இது என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று கேட்பார். நாங்கள் அதன் மேல் விழுந்து அடித்துக்கொள்வோம். ஒருமுறை, ஏதோ மறைந்துபோன காலனி நாட்டின் தபால்தலை என்று எல்லாரும் நம்பிய ஒரு பச்சைத் தலையை, மீன் டப்பாவின் மூடியில் ஒட்டும் பரிசோதனைச் சீட்டு என்று நான் நிரூபித்தேன். மூலையில் இருந்த எண்ணெய்க் கறைதான் காட்டிக் கொடுத்தது. அன்றிலிருந்து அங்கே எனக்கு ஒரு பெயர். பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தவளை, வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எதற்கும் யாரும் தேடாதவளை, பெல்ஜியத்திலும் பெருவிலும் ஆள் தேடினால் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்? எனக்கு வந்தது. அதை ஒளிக்கப் போவதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குக் குத்தகைக்காரர் அனுப்பியவர்களில் ஓர் அக்கா இருந்தார். வயதில் என்னைவிட நாலைந்து மூத்தவர். எல்லாரும் அவரை அக்கா என்று கூப்பிட்டோம். அவர் என்னைக் கிராணிம்மா என்பார். குப்பைக் கூடையைக் கொட்டும் முன் உறைகளைப் புரட்டிப் பார்த்து, ஒட்டிய எதையும் கிழித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். பிஸ்கட் பொட்டலத்து லேபிள்கூட வரும். "இது வேணாமா? பரவால்ல, பாக்க அழகா இருந்துச்சுலா" என்பார். நான் சிரித்து வாங்கிக்கொண்டு, அவர் போனதும் கூடையில் போடுவேன். அவரே மறுநாள் அதை எடுத்துக் கொட்டுவார். பார்த்திருப்பார். ஆனாலும் கொண்டுவருவதை நிறுத்தியதில்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு காலையில் அவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பாவுடையது. சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, செம்பனை ஆகிவிட்டது. தொழிலாளர் வீட்டு லயங்கள் இருந்த இடத்தில் லாரி நிற்கிறது.

"வீட்டை மாத்துறோம், கண்டதெல்லாம் தூக்கிட்டு முடியாது. நெறைய ஸ்டாம்பு ஒட்டியிருக்கு. ஒங்களுக்கு ஆவும்னு எடுத்தாந்தேன்."

புத்தகத்தை அங்கேயே திறந்தேன். அது தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்களுக்குள் நடத்திய மரண சகாயச் சங்கத்தின் சந்தாப் புத்தகம். மாதாமாதம் சந்தா கட்டியதும் ஒரு சிவப்புத் தலையை ஒட்டி, அதன்மேல் தோட்டத்து ஆபீஸ் முத்திரையை, எங்கள் பேச்சில் சாப்பை, ஊதா மையில் பாதி தலையிலும் பாதி தாளிலுமாகக் குத்தியிருந்தார்கள். சிவப்புத் தலையில் ஒரு ரப்பர் மரமும் பால் பிடிக்கும் மங்குக் கோப்பையும். இப்படி ஒன்று இருந்ததாக எந்தப் பட்டியலிலும் இல்லை. உலகத்தில் யாரும் பார்க்காத தலையை முதலில் பார்த்தவள் நான்தான் என்று எனக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

அதைவிடப் பெரிய புதையல் முதல் பக்கத்தில் இருந்தது. சங்கம், குடும்பத்தில் யார் இறந்தாலும் பெட்டிக்கும் சடங்குக்கும் பணம் கொடுக்கும். அதனால் குடும்பத்தில் யார் யார் என்று முதல் பக்கத்தில் எழுத வேண்டும். அப்பா பெயர், அம்மா பெயர், இரண்டும் பேனா மையில். மூன்றாவது வரி மட்டும் பின்னால் சேர்த்தது. அந்தக் காலத்து ஆபீஸ் பென்சிலில், ஈரம் பட்டால் ஊதாவாகிப் பரவுமே அந்தப் பென்சிலில், ஏதோ எழுதி, அதன் தலைப்பில் ஒரே ஒரு நீலத் தலை ஒட்டி, சாப் குத்தியிருந்தது. மற்றதெல்லாம் சிவப்பு, இது மட்டும் நீலம். பிள்ளை பிறந்தால் ஒட்டுவது என்று ஊகித்தேன்.

"இது யாரு, நீங்களாக்கா?" என்று அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்குத் தமிழ் எழுத்து கூட்டிப் படிக்க வராது. நான் படித்துச் சொல்லியிருந்தால் அவர் புத்தகத்தை என்னிடம் விட்டுப் போயிருக்கவே மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு அந்த வரி கண்ணிலேயே படவில்லை. நீலம்தான் பட்டது.

நீலத் தலையைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். மூன்று நாள் கொண்டாட்டம். நாலாம் நாள் பெல்ஜியத்துக்காரர் ஒருவர் வந்தார். சிவப்பு சரி, நீலம் அந்த வரிசையைச் சேர்ந்ததே இல்லை, ஏதோ மருந்துப் புட்டி லேபிளை யாரோ விளையாட்டாக ஒட்டியிருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னவிதம் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டும் ஒரே அச்சகத்தில் ஒரே தாளில் அடித்தவை என்று காட்டினால் போதும், அவர் வாய் அடைக்கும். அதற்குத் தாளுக்குள் இருக்கும் நீர்க்குறியைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே தனித்தலையாகப் பிடித்தால்தான் அது தெரியும். ஒட்டிய தலையில் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முழுப் பத்திரத்தோடு இருக்கும் தலையைப் பிரிக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நானே குழுவில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். பழைய மைகள் தண்ணீரில் ஓடும், வரித்தலைக்கு வேண்டுமென்றே ஓடுகிற மையில் அடிப்பார்கள் என்று நீளநீளமாகப் பாடம் எடுத்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. எல்லாம் தெரிந்துதான் அந்தச் சனிக்கிழமைக் காலை வெள்ளைப் பீங்கான் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, புத்தகத்தின் முதல் தாளை மட்டும் மடக்கி, நீலத் தலை இருந்த மூலையை அதில் இறக்கினேன்.

தண்ணீர் ஊதாவானது. முதலில் ஒரு நூல் போல, பிறகு தட்டு முழுக்க. பதறி எடுத்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். பசை இன்னும் இளகவில்லை, பாதியில் எடுத்தால் தலை கிழியும் என்று காத்திருந்தேன். தலை பிழைக்க வேண்டும் என்று காத்திருந்தேன். சரியாக அந்தச் சொற்களில்தான் நினைத்தேன். பிறகு இடுக்கியால் தலையைப் பிரித்து ஒற்றுத்தாளில் வைத்தேன். புத்தகத்தைத் துணியில் ஒற்றி, இரண்டு அகராதிகளின் அடியில் வைத்தேன். அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீர்க்குறி இருந்தது. புத்தகத்திலிருந்து தானாகவே கழன்றிருந்த ஒரு சிவப்பிலும் அதே குறி. பெல்ஜியத்துக்காரர் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார். குழுவின் நிர்வாகி என் பதிவின் மேல் 'தீர்ந்தது' என்று பச்சைக் குறி போட்டார். சாப் மை ஓடிவிட்டதே என்று நாலைந்து பேர் எனக்கு அனுதாபம் சொன்னார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

ஐந்து வருஷம் கழித்து அக்கா போன் செய்தார். அப்போது அவர் சிம்பாங் பூலாயில் மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருந்தார். அவருக்குச் சிவப்பு ஐசி, சிவப்பு அடையாள அட்டைதான் என்று பள்ளிக்கூடத்திலேயே எனக்குத் தெரியும். இங்கேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் குடியுரிமை இல்லாதவர். ஆஸ்பத்திரியில் கண் புரைக்கு வெட்ட வேண்டும் என்றபோது அவரிடம் வெளியாள் கட்டணம் கேட்டிருக்கிறார்கள். குடியுரிமை வாங்கியே தீருவதென்று மகள் கிளம்பிவிட்டாள். மனு போடலாம், ஆனால் இந்த நாட்டில் பிறந்ததற்கு எழுத்தில் ஏதாவது ஒரு பழைய சான்று வேண்டும் என்று பதிவு இலாகாவில் சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்கு ஒன்னும் ஞாபகமே இல்ல கிராணிம்மா. நேத்து எங்க தோட்டத்து ஆளு ஒருத்தர பாத்தேன். ஒங்கப்பா சாவு சங்கத்து பொத்தகம் வெச்சிருந்தாருல்ல, அதுல புள்ளைங்க பேரெல்லாம் எழுதுவாங்களேன்னாரு. அந்தப் பொத்தகம் இருக்கா? தூக்கிப் போட்டிருந்தாலும் பரவால்ல, சும்மா கேக்குறேன்."

"தேடிப் பாக்குறேங்கா" என்றேன்.

தேட ஒன்றும் இல்லை. அலமாரியின் எந்தத் தட்டில் எத்தனையாவது உறை என்று எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டுத்தான், நனைத்த பிறகு முதல்முறையாக, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அப்பா பெயர் பளிச்சென்று, அம்மா பெயர் பளிச்சென்று. மூன்றாம் வரி இருந்த இடத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு ஊதாக் கறை.

மூன்று வாரம் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அவர் இரண்டு முறை கூப்பிட்டு, "அவசரம் இல்லலா, மெதுவா பாருங்க" என்றார். அந்த 'மெதுவா' என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த மூன்று வாரத்தில் நான் யோசித்தது நல்ல யோசனையல்ல. அந்த ஊதாப் பென்சில் ஒன்று என்னிடம் இருந்தது. பழைய கையெழுத்துகளைச் சோதிக்க இணையத்தில் வாங்கியது. நீலத் தலை ஆல்பத்தில் சுகமாக இருந்தது. கறையின் மேல் அளவாக எழுதி, தலையைப் பழைய இடத்தில் ஒட்டி, ஒரு சாப் செய்துகொண்டால் யார் கண்டுபிடிப்பார்கள்? கண்டுபிடிக்கக்கூடிய ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான். கள்ளத்தலை செய்தவர்களைக் குழுவிலிருந்து விரட்டியவள், ஒரு மத்தியானம் முழுக்க அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிராணியின் கையெழுத்தைப் பழைய கணக்குத் தாளில் எழுதிப் பழகினேன். கை நன்றாகவே வந்தது. பெயரை எழுதினேன். அடுத்துப் பிறந்த தேதி.

அங்கே நின்றது பென்சில். என்ன தேதி?

எத்தனை நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் அந்த மூலையை. தலையின் மேல் ஓரத்தில் எத்தனை பல், எந்தப் பல் மொட்டை, நீலம் எந்த இடத்தில் வெளிறியிருந்தது, ஓரக் கோட்டில் அச்சு எப்படிப் பிசகியிருந்தது என்று இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதன் கீழே கால் அங்குலத்தில் ஒரு மனுஷி பிறந்த நாள் எழுதியிருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. நல்ல புத்தி வந்து கள்ளவேலையை நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எழுத விஷயம் தெரியாததால் நின்றேன். வெட்கமாக இருந்தது. பென்சிலை உடைத்துப் போட்டேன், அதிலும் ஒரு நாடகம் இருந்தது, பார்க்க ஆளில்லை.

பிறகு படம் நினைவுக்கு வந்தது. நனைக்கும் முன் எடுத்துக் குழுவில் போட்ட படம். போனின் மூலப்படம் பழைய போனோடு போய்விட்டது. குழுவில் இருந்ததைத் தேடிப் பிடித்தேன். தலையைச் சுற்றி அழகாக வெட்டியிருந்தேன். படம் சுத்தமாக இருக்க வேண்டும், தேவையில்லாத எழுத்து வரக்கூடாது என்பது என் பழக்கம். அந்தத் தேவையில்லாத எழுத்துதான் அக்கா.

ஆனால் கீழே ஒரு நூலளவு ஒழுங்காக வெட்டவில்லை. அங்கே தேதியின் ஒற்றை எண்ணின் மேல்பாதி எட்டிப் பார்த்தது. தலையின் மேல் விழுந்த சாப்பில் மே மாதம் தெளிவாக இருந்தது, வருஷம் தாளின் பக்கம் போய் மறைந்திருந்தது. ஒரு துண்டுக் கோட்டை வைத்து நாடு கண்டுபிடிப்பவள் அந்தப் பாதி எண்ணோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மேலே ஒரு வட்டம். எட்டுக்கும் மேலே வட்டம்தான், ஒன்பதுக்கும் மேலே வட்டம்தான். கீழ்ப்பாதி இல்லாமல் கடவுளாலும் சொல்ல முடியாது.

சிம்பாங் பூலாய்க்குப் போனேன். அக்கா டீ கலக்கிக் கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். இங்கேதான் உங்கள் பெயர் இருந்தது, ஸ்டாம்புக்காகத் தண்ணீரில் போட்டு நான்தான் அழித்தேன், மை ஓடும் என்று தெரிந்தே போட்டேன் என்று சொன்னேன். மகள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நியாயமாகத்தான் பட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அக்கா கறையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுலயா எம்பேரு இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"அப்பா எழுதினதா?"

"இல்லக்கா. கிராணி எழுதினது."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எழுதியவனும் கிராணி, அழித்தவளும் கிராணி. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கறையிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டார்.

"பொறந்த தேதி போட்டிருந்துச்சா? ஐசில சும்மா ஜூலை ஒன்னுன்னு போட்டுட்டாங்க. அது எனக்கு இல்லன்னு அம்மா சொல்லும். வெயில் காலம்னு மட்டும் சொல்லும்."

"மே மாசம்கா. எட்டு, இல்லன்னா ஒம்போது. பாதிதான் தெரியுது. நான் அன்னிக்குப் படிக்கல."

"மே மாசமா" என்றார். பிறகு, "தண்ணி பட்டா மை போவாம என்ன செய்யும். விடுங்க கிராணிம்மா, நான்தானே ஒங்ககிட்ட கொடுத்தேன்" என்றார். அவர் திட்டுவார் என்று ஒரு மாதமாகத் தயாராகியிருந்தேன். இதற்கு நான் தயாராகவில்லை.

பதிவு இலாகாவுக்கு அவர்களோடு நானும் போனேன். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் பொறுமையானவர். அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் பார்த்துவிட்டு, கறையில் விரலை வைத்து, "சியாப்பா புவாட் இனி?" என்றார். யார் இப்படிச் செய்தது என்று கேட்கிறார்.

"சாயா" என்றேன். நான்தான்.

அப்படியானால் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுங்கள், அழிவதற்கு முன் அந்த வரியில் இவருடைய பெயரும் தேதியும் இருந்ததை நீங்கள் பார்த்தீர்கள் என்று எழுதினால் மனுவோடு சேர்க்கலாம் என்றார். மகள் என் முகத்தையே பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம். அதை எழுதினால் அவர்களுக்கு உதவும், என் பாரமும் இறங்கும். சத்தியப் பிரமாண ஆணையரின் மேசை முன்னால் உட்கார்ந்து, பார்த்தேன் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பக்கத்தில் அக்கா கைப்பையை மடியில் பிடித்தபடி, தனக்காக யாரோ எழுதுவதைப் பார்க்கும் மரியாதையோடு உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷிக்கு இன்னொரு கள்ள எழுத்து வேண்டாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கான விலையைக் கொடுக்கப் போவதும் நான் இல்லை, அவர்தான். இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

பார்த்ததை மட்டும் எழுதினேன். நீலத் தலை ஒன்று இருந்தது, பிள்ளை பதிவு போலத் தோன்றியது, மே மாதச் சாப் இருந்தது, எண்ணின் மேல்பாதி இருந்தது, கீழே பென்சில் எழுத்து இருந்தது, நான் படிக்கவில்லை, நான் அழித்தேன். படத்தையும் நீலத் தலையையும் கூடவே இணைத்தேன். என் ஆல்பத்தில் அந்த இடம் காலி. மகள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

மனு உள்ளே இருக்கிறது. காத்திருக்கச் சொல்கிறார்கள், காத்திருக்கிறோம். கண்ணுக்கு வெட்டும் செலவில் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்றேன், அக்கா கேட்கவில்லை. ஐசி இன்னும் சிவப்பு. வலது கண் இன்னும் மங்கல்.

இந்த மே மாதம் எட்டாம் தேதி காலையில் வாசலில் சத்தம் கேட்டது. அக்கா, கையில் சின்னத் தூக்கு. சிம்பாங் பூலாயிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். நெற்றியில் கோயில் விபூதி.

"கேசரி கிண்டினேன். அறுபத்தாறோ ஏழோ, மொத தடவ பொறந்தநாளு கொண்டாடுறேன். நீங்க தேதிய கண்டுபுடிச்சுக் கொடுக்காட்டி எனக்கு எப்படித் தெரியும்?"

தூக்கை வாங்கிக்கொண்டேன். அவர் படியிறங்கிப் போய்த் திரும்பிப் பார்த்து, "தூக்கு ஒங்ககிட்டயே இருக்கட்டும், நாளைக்கும் வாரேன்லா" என்றார்.

ஒன்பதாம் தேதியும் கேசரி வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.